அண்ணன் வாங்கி வந்த குண்டுப் பலகை

போன வருஷம் கடலை எடுப்பு முடிஞ்ச கையோடு பரணைச் சுத்தம் பண்ணினேன். கிழிஞ்ச சாக்குக்கு அடியில ஒரு பலகை கிடைச்சது. 1979 பொங்கலுக்கு எங்க அண்ணன் திருச்சியில இருந்து வாங்கிட்டு வந்தது. அப்ப எனக்கு ஒன்பது வயசு. அண்ணன் இப்ப இல்லை.

உங்கள்ல பல பேர் வீட்டுலயும் இது இருந்திருக்கும். கடைக்காரங்க பகாடெல் போர்டுன்னு சொல்லுவாங்க, நாங்க குண்டுப் பலகைன்னு சொன்னோம். சாய்வா வச்ச பிளைவுட் பலகை, தலைமாட்டுல வளைவு. வலது ஓரம் ஸ்பிரிங் வச்ச கைப்பிடி. இழுத்து விட்டா இரும்புக் குண்டு மேலே ஓடி, ஆணிகள்ல முட்டி முட்டி கீழே இறங்கி, 50, 100ன்னு எழுதின வளையத்துக்குள்ள விழும்.

சென்னையில கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற தங்கச்சி மகன் அதைப் பார்த்துட்டு, "மாமா, இது எக்ஸ்பி கம்ப்யூட்டர்ல இருந்த பின்பால் மாதிரியே இருக்கே"ன்னான். அவன் சொன்னது சரிதான். தேடிப் படிச்சதுல தெரிஞ்சது, அந்தப் பின்பாலுக்கு நம்ம பலகைதான் பாட்டி முறை.

பகாடெல் பிரான்ஸ் நாட்டுப் பெரிய வீடுகள்ல 18-ஆம் நூற்றாண்டுல ஆடின விளையாட்டு. அப்ப கோலால குண்டைத் தள்ளுவாங்க. 1871-ல அமெரிக்காவின் சின்சினாட்டி ஊர்ல இருந்த மான்டேகு ரெட்கிரேவ் என்பவர் ஸ்பிரிங் கைப்பிடியைச் சேர்த்துக் காப்புரிமை வாங்கினார். எங்க அண்ணன் இழுத்து விட்ட கைப்பிடிக்கு மூலம் அதுதான். 1931-ல சிகாகோவின் டேவிட் காட்லீப் 'பேஃபிள் பால்' என்று ஒரு பெட்டியை விற்றார். நாடே வேலையில்லாமல் தவிச்ச காலம் அது. ஒரு பென்னி காசு போட்டா கொஞ்ச நேரம் கவலை மறக்கலாம், அதனால கடைக்குக் கடை பரவிடுச்சு. குண்டைத் திருப்பி அடிக்கிற மட்டைகள் வந்தது 1947-ல, 'ஹம்ப்டி டம்ப்டி' என்கிற பெட்டியில.

நடுவுல ஒரு கூத்தும் நடந்தது. இது சூதாட்டம், பிள்ளைகளோட காசைப் பிடுங்குதுன்னு சொல்லி 1942-ல நியூயார்க் நகரம் தடை போட்டது. மேயர் லா கார்டியா தானே சம்மட்டி எடுத்துப் பெட்டிகளை உடைச்சார். 34 வருஷம் கழிச்சு, 1976-ல ரோஜர் ஷார்ப் என்கிற பத்திரிகைக்காரர் நகர சபைக்காரங்க முன்னால ஆடிக் காட்டினார். குண்டு இந்த வழியாப் போகும்னு முன்கூட்டியே சொல்லி, அதே வழியில போக வச்சார். இது அதிர்ஷ்டம் இல்லை, கைத்திறமைன்னு ஒத்துக்கிட்டுத் தடையை எடுத்தாங்க.

சரி, நம்ம பலகைக்கு வருவோம். கீரனூர்ல தெரிஞ்ச ஆசாரிகிட்ட கொண்டு போனேன். "உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, புது பெயின்ட் அடிச்சிட்டா புதுசாயிடும்ணே"ன்னார். சரின்னு சொல்ல வாயெடுத்தேன். அவர் பலகையைத் திருப்பினார். பின்பக்கம் பென்சில் எழுத்து: அண்ணன் 640, தம்பி 310, அக்கா 450. அண்ணனோட கையெழுத்து. அதைப் பார்த்ததும் எனக்கு மனசு மாறிப்போச்சு.

எங்க ஊர்க் குன்றுல குடைவரைக் கோயில் இருக்கு. ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முந்தினது. முன்னால இருக்கிற மண்டபத்தைக் குதிரை பூட்டின தேர் மாதிரியே செஞ்சிருப்பாங்க. கல்வெட்டும் உண்டு. தமிழ்நாட்டுல பல பழைய கோயில்கள்ல சுத்தம் பண்றோம்னு மணலைப் பீய்ச்சி அடிச்சு, கல்வெட்டு எழுத்தே மழுங்கிப் போச்சு. கல் பளபளன்னு ஆச்சு, யார் என்ன கொடுத்தாங்கங்கிற சேதி போச்சு. கல்லுக்கே அந்தக் கதின்னா பிளைவுட் எம்மாத்திரம்?

அதனால ஆசாரிகிட்ட மூணே வேலை சொன்னேன். ஆடுற ஆணிகளை இறுக்கணும், விட்டுப்போன விளிம்பை ஒட்டணும், கைப்பிடிக்கு ஸ்பிரிங் மாத்தணும். பெயின்ட் வேண்டாம். குண்டு ஓடி ஓடித் தேய்ஞ்ச தடம் அப்படியே இருக்கட்டும். அது அண்ணன் கை இழுத்து விட்ட தடம்.

பலகை வீட்டுக்கு வந்ததும் அடுத்த பிரச்சினை. பேரப்பிள்ளைகள் ஆடணும்னு நின்னுதுங்க. கண்ணாடிப் பெட்டியில வச்சுப் பூட்டுங்கன்னு வீட்டுல சொன்னாங்க. பின்பால் பெட்டி வச்சிருக்கிறவங்க என்ன பண்றாங்கன்னு பார்த்தேன். அங்கேயும் இதே கவலைதான். அவங்க குண்டு 80 கிராம், 27 மில்லிமீட்டர். அது ஓடி ஓடி ஓவியம் தேய்ஞ்சிடும். மைலார்னு ஒரு தெளிவான பிளாஸ்டிக் தாளை ஒட்டிப் பார்த்தாங்க. பல வருஷம் கழிச்சு உரிச்சா சில பலகையில பெயின்ட்டும் சேர்ந்து வந்துடுச்சு. 1990-ஐ ஒட்டித்தான் கம்பெனிக்காரங்க கெட்டியான வார்னிஷ் பூச்சுக்கு மாறினாங்க.

அதைப் படிச்சுட்டு நான் எதையும் ஒட்டலை. பண்ணினது இவ்வளவுதான்.

முதல்ல குண்டை மாத்தினேன். பழைய குண்டுல துரு பிடிச்சுப் பொடிப்பொடியா குழி விழுந்திருந்தது. அது ஓடுற உப்புத்தாள். சைக்கிள் கடையில அதே அளவுக்குப் புது பால்ரஸ் குண்டு கிடைச்சது. பழசை டப்பாவுல போட்டு வச்சிருக்கேன்.

எண்ணெய் தடவவே கூடாது, தூசி ஒட்டிப் பிசினாயிடும். காய்ஞ்ச பருத்தித் துணியால துடைச்சாப் போதும். காருக்குப் போடுற கார்னோபா மெழுகை ஒரு மூலையில தடவிப் பார்த்தேன், பெயின்ட் கிளம்பலை. அப்புறம் மெல்லிசா ஒரு கை போட்டேன். அந்த மெழுகு பிரேசில் நாட்டுல ஒரு வகைப் பனை ஓலையில இருந்து எடுக்கிறது. பனை ஜாதி நமக்கு அன்னியமில்லை!

பரண்ல ஏத்தலை, அங்கே ஓட்டுச் சூடு. தரையிலயும் வைக்கலை, கரையான் வரும். சுவரை ஒட்டாம ஒரு மேசை மேல இருக்கு. ஐப்பசி அடைமழையில வேட்டித்துணி போட்டு மூடிடுவேன்.

பிள்ளைகள் ஞாயித்துக்கிழமை ஆடுதுங்க. தடம் இன்னும் கொஞ்சம் தேயும், தேயட்டும். பூட்டி வச்சா அது வெறும் பலகைதான். போன வாரம் பெரிய பேத்தி 520 எடுத்தாள். "தாத்தா, நானும் பின்னாடி எழுதட்டுமா?"ன்னு கேட்டாள். பென்சிலை எடுத்துக் கொடுத்தேன். அண்ணன் பேருக்குக் கீழே எழுதியிருக்காள்.