இயந்திரமும் ஒரு வாக்குறுதியும்: குறைந்த தீர்வை பிறந்த கதை

வெளிநாட்டிலிருந்து ஓர் ஆலையை வாங்கினால், அது ஆலையாக வந்து இறங்குவதில்லை. நூற்றுக்கணக்கான மரப்பெட்டிகளாக, பல கப்பல்களில், பல மாத இடைவெளியில் வந்து சேரும். ஒரு பெட்டியில் பம்ப் இருக்கும், இன்னொன்றில் மோட்டார், வேறொன்றில் குழாய்கள், கடைசியில் ஒரு பெட்டி நிறைய போல்ட்டும் நட்டும். 1960களின் தொடக்கத்தில் சுங்க அதிகாரியின் கண்ணுக்கு இவை ஒவ்வொன்றும் தனித்தனிச் சரக்கு. ஒவ்வொன்றுக்கும் தீர்வை வேறு. எது எந்தத் தலைப்பில் அடங்கும் என்ற வாக்குவாதம் முடியும்வரை பெட்டிகள் துறைமுகத்தில் காத்துக் கிடக்கும்.

இந்தச் சிக்கலைத் தீர்க்க 1965இல் இந்தியத் தீர்வை அட்டவணையில் ஒரு புதிய தலைப்பு நுழைந்தது. ஒரு தொழிற்சாலையை நிறுவுவதற்கோ, இருப்பதைக் கணிசமாக விரிவாக்குவதற்கோ வரும் எல்லாப் பொருளுக்கும் ஒரே விகிதம். பம்ப் வேறு, குழாய் வேறு என்ற கேள்வியே இல்லை. நிபந்தனைகள் மட்டும் உண்டு: சரக்கை விடுவிக்கும் உத்தரவு வருவதற்கு முன்பே, வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையிலான ஒப்பந்தத்தைச் சுங்க அலுவலகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்த ஆலைக்கு இவை தேவைதான் என்று உரிய அரசுத் துறையின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். கடைசிப் பெட்டி வந்து சேர்ந்தபின், பதிவு செய்த பட்டியலையும் வந்த சரக்கையும் ஒப்பிட்டுக் கணக்குக் காட்ட வேண்டும். இதன் விதிகள் 1986இல் திருத்தி எழுதப்பட்டன. 98.01 என்ற எண்ணில் அந்தத் தலைப்பு இன்றும் இருக்கிறது.

உற்பத்தியாளர் பதிவு செய்து குறைந்த தீர்வை பெறும் வழக்கம் இந்தியாவில் வேர்விட்ட இடம் இதுதான் என்பது என் கணிப்பு. சலுகை பம்புக்கு உரியது அல்ல, பம்பின் பயனுக்கு உரியது. அதே பம்பை ஒரு வியாபாரி கடையில் வைத்து விற்க இறக்கினால் முழுத் தீர்வை கட்ட வேண்டும். ஆக, யார் கொண்டுவருகிறார், எதற்காக, சொன்ன வேலைக்குத்தான் பயன்படுத்தினாரா என்ற மூன்றும் அரசுக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்குப் பின் வந்த எல்லாப் படிவங்களும் இந்த மூன்று கேள்விகளின் விரிவுதான்.

இயந்திரம் இப்படியென்றால், மூலப்பொருளின் கதை வேறு வழியில் போயிற்று. 1947ஆம் ஆண்டின் இறக்குமதி, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் லைசென்ஸ் இல்லாமல் பெரும்பாலான பொருள்களைக் கொண்டுவர முடியாதபடி செய்திருந்தது. 1957இல் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தபின் பிடி இன்னும் இறுகியது. ஏற்றுமதி செய்தால்தான் டாலர் வரும். ஏற்றுமதி செய்யத் தேவையான பொருளை இறக்கவோ டாலர் இல்லை. ஏ. இராமசாமி முதலியார் தலைமையிலான குழு 1962இல் இந்த முடிச்சைத்தான் ஆராய்ந்தது. ஏற்றுமதித் தொழில்களுக்கு மூலப்பொருள் கூடுதலாகக் கிடைக்க வழி செய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று.

அதே 1962இல் வந்த சுங்கச் சட்டத்தின் 75ஆம் பிரிவு ஏற்கெனவே ஒரு வழியைத் திறந்து வைத்தது. தீர்வையைக் கட்டி மூலப்பொருளை இறக்கு, பொருளைச் செய்து ஏற்றுமதி செய், பிறகு கட்டிய தீர்வையைத் திரும்ப வாங்கிக்கொள். டிராபேக் என்பது இதுதான். நியாயமான ஏற்பாடு. ஆனால் கட்டிய பணம் திரும்பும்வரை சிறு உற்பத்தியாளரின் முதல் அரசிடம் முடங்கிவிடும். அவர் வங்கியில் வட்டி கட்டிக்கொண்டிருப்பார்.

1976இல் வந்த அட்வான்ஸ் லைசென்ஸ் இந்த வரிசையைத் தலைகீழாக்கியது. முதலில் தீர்வையில்லாமல் இறக்கிக்கொள், பிறகு ஏற்றுமதி செய்து கணக்கை முடி. அந்தக் காலத்தில் லைசென்சோடு ஒரு புத்தகம் தருவார்கள். டிஇஇசி புத்தகம் என்று ஏற்றுமதி வட்டாரத்தில் பெயர். அதில் இரண்டு பாகம். வந்த மூலப்பொருளைச் சுங்க அதிகாரி ஒரு பாகத்தில் கையால் பதிந்து கையெழுத்திடுவார். போன பொருளை மற்றொரு பாகத்தில் பதிவார். இரண்டும் ஈடாகும்போது புத்தகம் மூடப்படும். புத்தகம் தொலைந்தால் ஒரு கம்பெனியின் பல வருட உழைப்புக்குச் சாட்சியே இல்லாமல் போகும் என்பதால், அதைப் பணப்பெட்டியில் வைத்துப் பூட்டியவர்கள் உண்டு.

இந்தக் கணக்கு சாத்தியமானதற்குக் காரணம் மூலப்பொருளின் இயல்பு. நூல் துணியாகிறது, துணி பனியனாகிறது, பனியன் கப்பலேறிப் போய்விடுகிறது. இவ்வளவு பொருளுக்கு இவ்வளவு மூலப்பொருள், இவ்வளவு கழிவு என்று ஒரு நியமம் வகுத்துவிட்டால் போதும். வந்ததும் போனதும் எடையில் ஒத்துப்போகும். இன்று ஆயிரக்கணக்கான பொருள்களுக்கு அப்படி நியமங்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். பொருளின் மதிப்பு பொதுவாகக் குறைந்தது 15 சதவீதம் கூடியிருக்க வேண்டும் என்பதும் விதி.

இயந்திரம் அப்படி இல்லை. அது பனியனோடு கப்பலேறாது. இருபது வருடம் அதே கொட்டகையில் ஓடும். எடை போட்டு ஈடுசெய்ய முடியாத ஒன்றுக்கு எப்படிச் சலுகை கொடுப்பது? இந்தக் கேள்விக்கு 1990இல் சொல்லப்பட்ட பதில்தான் இபிசிஜி, அதாவது ஏற்றுமதி மேம்பாட்டுக்கான மூலதனப் பொருள் திட்டம்.

அன்றைய நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். பொதுவான இயந்திரங்களுக்குத் தீர்வை 85 சதவீதம். மன்மோகன் சிங் 1991 ஜூலை பட்ஜெட்டில் அதை 80 ஆகக் குறைத்ததே பெரிய செய்தி. ஒரு கோடி ரூபாய் இயந்திரத்துக்கு இன்னும் எண்பது லட்சம் தீர்வை கட்டிவிட்டு, ஏறக்குறைய பாதி விலையில் அதே இயந்திரத்தை வாங்கிய வெளிநாட்டுப் போட்டியாளரோடு எப்படி மோதுவது? இபிசிஜி அந்தத் தீர்வையை 25 சதவீதமாக்கியது. பதிலுக்கு இயந்திரத்தின் விலையைப்போல் பல மடங்குக்குக் குறித்த ஆண்டுகளுக்குள் ஏற்றுமதி செய்வதாக எழுதிக் கொடுக்க வேண்டும். எடைக்குப் பதிலாகக் காலமும் வாக்குறுதியும் கணக்கில் வந்தன. 1992 மார்ச் இறுதியில் அன்றைய வர்த்தக அமைச்சர் ப. சிதம்பரம் அறிவித்த ஐந்தாண்டு ஏற்றுமதி இறக்குமதிக் கொள்கையில் 15 சதவீதத் தீர்வைக்கும் வழி பிறந்தது. அதற்கு ஐந்தாண்டில் நான்கு மடங்கு ஏற்றுமதி.

திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் தொடங்கிய ஆண்டும் 1990தான். உள்ளூர் பனியனிலிருந்து வெளிநாட்டு டி-ஷர்ட்டுக்கு மாறிய அந்த ஊருக்கு ஜெர்மனியிலிருந்தும் தைவானிலிருந்தும் வட்டப்பின்னல் இயந்திரங்கள் வர, இந்தத் திட்டம் பெரிய கதவாக இருந்தது. இன்றும் திருப்பூர்க்காரர்கள் இதற்காகப் போவது கோயம்புத்தூரில் இருக்கும் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் (டிஜிஎஃப்டி) அலுவலகத்துக்கு.

பதிவு என்பது நடைமுறையில் எப்படி இருக்கும்? முதலில் ஐஇசி என்ற இறக்குமதி ஏற்றுமதி எண் வேண்டும். இப்போது அது பான் எண்ணேதான். ஏற்றுமதி ஊக்குவிப்புக் கழகத்தின் உறுப்பினர் சான்று வேண்டும். இந்த இயந்திரம் இந்த ஏற்றுமதிப் பொருளுக்குத் தேவை என்று ஒரு சார்ட்டர்டு இன்ஜினியர் எழுதிக் கொடுக்க வேண்டும். டிஜிஎஃப்டி அனுமதி கொடுத்தபின், அதைத் துறைமுகச் சுங்கத்தில் பதிந்து பாண்டும், தேவைப்பட்டால் வங்கி உத்தரவாதமும் கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் தூத்துக்குடியில் பதிந்த அனுமதியை வைத்துச் சென்னையில் சரக்கு எடுக்க வேண்டுமென்றால், ஒரு சுங்க அலுவலகம் இன்னொன்றுக்கு விடுவிப்புத் தகவல் அனுப்ப வேண்டும். தந்திக் காலத்தில் பிறந்த அந்த முறைக்கு டிஆர்ஏ என்று பெயர்.

கண்டெய்னர் வந்து, இயந்திரம் கொட்டகையில் ஏறி, ஊசிகள் பொருத்தி ஓடத் தொடங்கியதும் இன்ஜினியர் மறுபடி வருவார். இயந்திரத்தின் பக்கவாட்டில் திருகிய சின்ன உலோகத் தகட்டைத் துடைத்து, அதில் பொறித்திருக்கும் வரிசை எண்ணைப் படிப்பார். பில் ஆஃப் என்ட்ரியில் இருக்கும் எண்ணும் அதுவும் ஒன்றா என்று பார்ப்பார். குறித்த காலத்துக்குள் நிறுவல் சான்று போக வேண்டும். இயந்திரம் பதிவு செய்தவரின் இடத்தில், அவர் பயனில்தான் இருக்கிறது என்பதற்கு அந்த ஒரு தகடுதான் சாட்சி.

அதன் பிறகு ஒவ்வொரு ஷிப்பிங் பில்லிலும் அந்த அனுமதி எண் ஏற வேண்டும். இங்கேதான் சிறிய நிட்டிங் கூடக்காரர் சறுக்குகிறார். அவர் நேரடியாக ஏற்றுமதி செய்வதில்லை. துணி பின்னிக் கொடுக்கிறார், வேறொருவர் தைத்து அனுப்புகிறார். அந்த ஏற்றுமதியை இவர் கணக்கில் சேர்க்கலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் ஷிப்பிங் பில்லில் இவர் பெயரும் இருந்தாக வேண்டும். கிளியரிங் ஏஜென்ட் அவசரத்தில் அந்த ஒரு வரியை விட்டுவிட்டால், உண்மையாகவே நடந்த ஏற்றுமதி தாளில் நடக்காததாகிவிடும். ஆறு வருடம் கழித்து, ஏற்றுமதிக் கடப்பாடு நிறைவேறியதற்கான சான்று கேட்டுப் போகும்போதுதான் அது தெரியவரும்.

திட்டத்தில் நடந்த நல்ல மாற்றம் ஒன்றைச் சொல்ல வேண்டும். முதலில் கடப்பாடு இயந்திரத்தின் விலையை வைத்துக் கணக்கிடப்பட்டது. 2000களில் அது மிச்சமான தீர்வையை வைத்துக் கணக்கிடுவதாக மாறியது. பொதுத் தீர்வை ஆண்டுக்காண்டு குறைந்தபோது, கடப்பாடும் தானாகவே இறங்கியது. 2013இல் எல்லாம் ஒன்றாகி, தீர்வை பூஜ்யம், கடப்பாடு ஆறாண்டில் ஆறு மடங்கு என்றானது. பத்து லட்சம் ரூபாய் தீர்வை மிச்சமானால் அறுபது லட்சத்துக்கு ஏற்றுமதி. அதில் பாதியை முதல் நான்காண்டில் காட்ட வேண்டும். ஆனால் இதோடு, முந்தைய மூன்றாண்டு ஏற்றுமதியின் சராசரியையும் குறையாமல் காக்க வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலான தொழில்களுக்கு இருக்கிறது. முந்தைய மூன்று வருடமும் நன்றாக உழைத்தவருக்கு அதிகச் சுமை, சுமாராகச் செய்தவருக்குக் குறைந்த சுமை. இதை நான் நியாயமாகக் கருதவில்லை. தொழில் முழுவதும் ஒரே ஆண்டில் 5 சதவீதத்துக்கு மேல் சரிந்தால் அந்தச் சராசரியில் தளர்வு தருகிறார்கள். ஒரே ஒரு வாடிக்கையாளரை இழந்த தனிக் கம்பெனிக்கு அந்தத் தளர்வு பயன்படாது.

ஏற்றுமதி செய்யாமல் உள்நாட்டுக்கே விற்பவர்களுக்கும் சில மூலப்பொருள்களில் குறைந்த தீர்வை உண்டு. செல்போன் பாகம் வேறொருவர் கைக்குப் போனால் ஒரு விகிதம், செல்போன் செய்பவர் கைக்குப் போனால் வேறு விகிதம் என்பதுபோல. இந்தக் கிளை 1944ஆம் ஆண்டின் மத்தியக் கலால் விதிகளின் பத்தாம் அத்தியாயத்தைப் பிடித்து வளர்ந்தது. 1996இல் தனி விதிகள் வந்தன. தொழிற்சாலை இருக்கும் வட்டத்தின் கலால் அதிகாரி கையெழுத்திட்ட தாள் துறைமுகத்துக்குப் போனால்தான் சரக்கு வெளியே வரும். ஓசூரில் கையெழுத்து, சென்னையில் சரக்கு. 2016இல் அனுமதி கேட்பது போய், தகவல் சொன்னால் போதும் என்றானது. 2021இல் வெளியே ஜாப் ஒர்க் கொடுக்கவும் இடம் கிடைத்தது. 2022 மார்ச்சிலிருந்து எல்லாமே இணையத்தில்: ஒரு முறை விவரம் பதிந்தால் ஐஐஎன் என்ற அடையாள எண், ஒரு தொடர் பாண்டு, 2025 தொடக்கம் வரை மாதந்தோறும் 10ஆம் தேதிக்குள் ஒரு கணக்கு. மூலப்பொருள் கரைந்து பொருளாகிவிடுவதால், இப்படி அவ்வப்போது காட்டும் கணக்கே போதுமானதாக இருக்கிறது.

கொட்டகையில் தங்கிவிடும் இயந்திரத்தின் பிரச்சினை மட்டும் தீரவில்லை. 2018இல் அமெரிக்கா இந்தியாவின் சில ஏற்றுமதித் திட்டங்களை எதிர்த்து உலக வர்த்தக அமைப்பிடம் போனது. பட்டியலில் இபிசிஜி இருந்தது, அட்வான்ஸ் லைசென்ஸ் இல்லை. ஏற்றுமதிப் பொருளில் செலவாகும் மூலப்பொருளுக்குத் தீர்வை விடுவதை உலக ஒப்பந்தம் அனுமதிக்கிறது. இயந்திரம் அப்படிச் செலவாவதில்லை. 2019 அக்டோபர் 31இல் வெளியான தீர்ப்பு இபிசிஜி தடை செய்யப்பட்ட மானியம் என்றது. இந்தியா நவம்பரில் மேல்முறையீடு செய்தது. டிசம்பரில் மேல்முறையீட்டு அமைப்பில் போதிய உறுப்பினர்கள் இல்லாமல் போனார்கள். வழக்கு அப்படியே நின்றது; 2023இல் இரு நாடுகளும் பேசி அதை முடித்துக்கொண்டன.

இதற்கிடையில் 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த வெளிநாட்டு வர்த்தகக் கொள்கை இபிசிஜியைத் தொடர்ந்தது. கூடவே, பழைய கடப்பாடுகளை முடிக்க முடியாமல் சிக்கியவர்களுக்கு ஒரு முறை தீர்வும் அறிவித்தது: விடுபட்ட தீர்வையைக் கட்ட வேண்டும், வட்டி அந்தத் தீர்வையின் தொகைக்கு மேல் போகாது. வட்டி அசலைத் தாண்டி வளர்ந்திருந்த சிறு கம்பெனிகளுக்கு அது கணக்கை முடிக்கும் வாய்ப்பாக இருந்தது. கொள்கையின் அடுத்த திருத்தத்தில், முந்தைய மூன்றாண்டு ஏற்றுமதிச் சராசரியைக் காக்க வேண்டும் என்ற நிபந்தனையை, குறைந்தபட்சம் ஒன்றிரண்டு இயந்திரம் மட்டும் வைத்திருக்கும் சிறு கூடங்களுக்காவது, நீக்க வேண்டும்.