நிலநடுக்கத்துக்கு இரண்டு சாட்சிகள்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை 6.28 மணி. சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் நிலம் பிளந்தது. ஆழிப்பேரலை தமிழகக் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கும் மேலானது. உத்திரமேரூர் போன்ற உள்பகுதிகளில் இருந்த நாம் தப்பினோம். அன்று நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த கல்பாக்கம், மாமல்லபுரம் கரைகள் தப்பவில்லை. அவ்வளவு நேரம் இருந்தும் எச்சரிக்கை ஏன் வரவில்லை?

இந்தியப் பெருங்கடலுக்கு அப்போது சுனாமி எச்சரிக்கை அமைப்பே இல்லை. நிலநடுக்கத்தின் உண்மையான அளவும் உடனே தெரியவில்லை. ஹவாயில் உள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் முதலில் 8.0 என்றது, பிறகு 8.5 என்றது. இறுதியில் அது 9-ஐத் தாண்டியது. அளவு ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும்.

நில அதிர்வுமானி அதிர்வலைகளைப் பதிவு செய்கிறது. பிளவு எங்கே, எப்போது தொடங்கியது, எந்தத் திசையில் எவ்வளவு வேகமாக ஓடியது என்பதை அது சொல்லும். ஆனால் அன்று பிளவு சுமார் பத்து நிமிடம் ஓடியது. முதல் சில நிமிட அலைகளைக் கொண்டு முழு அளவையும் கணிக்க முடியவில்லை.

நிலம் எவ்வளவு இடம் மாறியது என்பதைச் செயற்கைக்கோள் சொல்லும். ஜிபிஎஸ் அளவீட்டின்படி தாய்லாந்தின் புக்கெட் சுமார் 27 சென்டிமீட்டர் நகர்ந்திருந்தது. போர்ட் பிளேர் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. அந்தமானின் வடமேற்கில் பவளப்பாறைகள் கடலுக்கு மேலே எழுந்ததைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின.

இதற்கும் ஒரு குறை உண்டு. பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகும் பிளவு பல நாட்கள் ஓசையின்றி மெல்லச் சறுக்கும். பிறகு எடுக்கும் படத்தில் இரண்டு நகர்வுகளும் கலந்தே தெரியும். அந்தப் பத்து நிமிடத்தில் நடந்தது எவ்வளவு என்று பிரித்தறிய அதிர்வுமானியின் பதிவு வேண்டும்.

ஆய்வாளர்கள் இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டபோதுதான் முழு உருவம் கிடைத்தது. பிளவின் நீளம் சுமார் 1,300 கிலோமீட்டர். சில இடங்களில் சறுக்கல் 15 மீட்டருக்கும் அதிகம்.

2007 முதல் ஐதராபாத்தில் இந்தியாவின் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து ஏவப்பட்ட, இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து உருவாக்கிய நிசார் செயற்கைக்கோள், 12 நாட்களுக்கு ஒருமுறை ஒரே நிலப்பரப்பை ரேடாரால் அளந்து, சென்டிமீட்டர் அளவு நகர்வையும் கண்டறியும்.

ஆயினும் அடுத்த நிலநடுக்கம் எந்த நாளில் வரும் என்று இவற்றில் எதுவும் சொல்லாது. அப்படித் தேதி குறித்துக் கைபேசியில் வரும் செய்திகளை நாம் நம்பவும் வேண்டாம், பரப்பவும் வேண்டாம். கடற்கரையில் இருக்கும்போது கடல் திடீரென உள்வாங்கினால், யாருடைய அறிவிப்புக்கும் காத்திராமல் மேட்டுக்குச் செல்வோம்.