அரிப்புக் கரையில் ஒரு மாரிகால நடை



டிசம்பர் விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சிலாவத்துறையிலிருந்து அரிப்பு வரை கடற்கரையால் நடந்தோம். பிள்ளைகள், சில பெற்றோர், ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர். சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். இரவு மழையில் பள்ளக்காணியெல்லாம் தண்ணீர் நின்றது. வாடைக் காற்று முகத்தில் அடித்தது.

நடக்கத் தொடங்கியதுமே ஒரு மாணவன் கேட்டான்: "சேர், எங்கட ஆக்கள் புத்தளத்திலிருந்துதானே இங்க வந்தவங்க?"

அவன் புத்தளத்தில் பிறந்தவன். 1990 ஒக்டோபரில் நாம் வெளியேற்றப்பட்டபோது அவனுடைய வாப்பாவே சின்னப் பிள்ளை. பிழை அவனில் இல்லை. சொல்லிக் கொடுக்காதது நாங்கள்.

ஊரின் பெயரிலிருந்தே தொடங்கினேன். சிலாபத்துறை என்றும் எழுதுகிறோம். சலாபம் என்றால் முத்துக்குளிப்பு. வாடை ஓய்ந்து சோளகம் எழும்ப முன், கடல் அமைதியாக இருக்கும் மாசி, பங்குனி மாதங்களில்தான் சலாபம் நடக்கும். கயிற்றில் கட்டிய கல்லில் காலை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கடலின் அடிக்கு இறங்குவார்கள். கீழக்கரை முஸ்லிம்கள், தூத்துக்குடிப் பரதவர், அரபிகள் எல்லோரும் ஒரே கடலில் குளித்தார்கள். அந்த நாளில் இந்தக் கரையில் பல்லாயிரம் பேர் கூடும் ஒரு ஓலைக் குடிசைப் பட்டினமே எழும்பும்.

அடுத்து, நாம் அல்லிராணி கோட்டை என்று சொல்லும் இடிபாடு. பிரித்தானிய ஆளுநர் பிரெட்ரிக் நோர்த் 1801–1804 காலத்தில் முத்துக்குளிப்பைப் பார்வையிடத் தங்குவதற்குக் கட்டிய மாளிகை அது. 'டோரிக்' என்பார்கள். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். ஒரு பகுதியைக் கடல் ஏற்கனவே தின்றுவிட்டது.

அரிப்புக் கோட்டை சின்னது. போர்த்துக்கேயருக்குப் பிறகு ஒல்லாந்தர் வைத்திருந்தது. கண்டி அரசில் பத்தொன்பது வருடங்களுக்கு மேல் சிறையிருந்த றொபர்ட் நொக்ஸ், அருவியாற்றை ஒட்டிக் காட்டு வழியே தப்பி 1679 ஒக்டோபரில் வந்து சேர்ந்தது இங்கேதான்.

கோட்டை நிழலில் இருந்து தேத்தண்ணி குடிக்கும்போது மறிச்சுக்கட்டியின் கதையைச் சொன்னேன். 1906இல் அங்கே நடந்த முத்துக்குளிப்பில் இளம் அதிகாரியாக வேலை செய்தவர் லெனார்ட் வூல்ப். பிற்காலத்தில் பெரிய எழுத்தாளர். குளித்தெடுத்த சிப்பியை 'கொட்டு' என்ற அடைப்புக்குள் கொண்டுவந்து மூன்றாகப் பிரிப்பார்கள். இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளித்தவனுக்கு. ஒரு அரபுக் குளியாளி இறந்து, அவருடைய ஜனாஸாவைக் கரைக்குக் கொண்டுவந்ததையும் வூல்ப் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1907க்குப் பிறகு பழைய அளவில் சலாபம் நடக்கவில்லை.

அப்போது பெரியவர் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "எங்கட அப்பாட வாப்பா கொட்டுல சிப்பி எண்ணினவர். அப்பா சொல்லி நான் கேட்டிருக்கன்."

பக்கத்து வீட்டில் இருந்தும் இத்தனை வருடமாக எனக்கே இது தெரியாது! கேள்வி கேட்ட பிள்ளை எழும்பிப் போய் அவருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டான்.

ஆளுநரின் வீட்டுக்குச் சுவராவது மிஞ்சியிருக்கிறது. நொக்ஸுக்கும் வூல்புக்கும் புத்தகம் இருக்கிறது. சிப்பி எண்ணிய மனிதருக்கு இருப்பது அவருடைய பேரனின் மகன் சொல்லும் இந்த இரண்டு வரி மட்டும். உறுதி, படம், பள்ளிவாசல் பதிவு என்று எத்தனையோ 1990இல் விட்டுவந்த வீடுகளோடு போய்விட்டன. "நீங்கள் எப்போது வந்தவர்கள்?" என்று யாராவது கேட்டால் நம் பிள்ளைகள் என்ன சொல்வார்கள்?

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்த விடுமுறை முடிய முன் உங்கள் வீட்டு மூத்தவர்களுக்குப் பக்கத்தில் அரை மணித்தியாலம் இருங்கள். பழைய கிணறு, துறை, காணி, வள்ளம் பற்றிக் கேட்டுத் தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். பெயரையும் திகதியையும் கொப்பியில் எழுதி வையுங்கள்.

அடுத்த நடை இன்ஷா அல்லாஹ் மறிச்சுக்கட்டிக்கு. பெரியவர்களையும் கூட்டிவாருங்கள். நடக்க ஏலாதவர்களுக்கு ஓட்டோ ஒழுங்கு செய்வோம்.