வெகுஜனவாத அபேட்சகரின் ஆதரவுப் பிரதேசங்கள்

ஆளும் வர்க்கத்தாருக்கும் பெருங்கட்சிகளின் தலைமைக்கும் எதிராகச் சாமானிய மக்களின் பெயரால் போட்டியிடும் ஜனாதிபதி அபேட்சகர் ஒருவருக்கு நாட்டின் எந்தெந்தப் பகுதிகள் மிகுந்த வாக்குகளை அளிக்கும் என்பதை, அப்பகுதிகளின் மண், மழை, தொழில், கடன், கல்வி, பழைய தேர்தல் முடிவுகள் முதலியவற்றைக் கொண்டு முன்கூட்டியே அனுமானிக்கும் முயற்சி தேர்தல் புவியியலின் ஒரு கிளையாகும். இக்கிளை அமெரிக்க ஐக்கிய நாடுகளிலேயே மிகவும் செழித்திருக்கிறது. கவுண்டிகள் எனப்படும் 3,000க்கும் மேற்பட்ட உட்பிரிவுகளுக்கு வாக்குக் கணக்கும், 1790 முதல் பத்தாண்டுக்கொருமுறை எடுக்கப்பட்டுவரும் குடிக்கணக்கும் பெரும்பாலும் ஒரே எல்லைகளுக்குள் கிடைப்பது அங்குள்ள ஆராய்ச்சியாளர்களுக்கு வாய்த்த பெரும் அனுகூலமாகும்.

இத்துறைக்கு வித்திட்டவர் பிரெஞ்சு அறிஞராகிய ஆந்த்ரே சீக்ஃப்ரீட் ஆவார். மேற்குப் பிரான்சின் அரசியல் நிலையைச் சித்திரித்து அவர் 1913இல் வெளியிட்ட நூல், வெகுஜனவாதத்தைப் பற்றியதன்று எனினும், வாக்குச்சீட்டையும் நிலத்தின் இயல்பையும் ஒருங்கே வைத்து ஆராயும் நெறியைக் கற்பித்தது. வாந்தே பிரதேசத்தின் கருங்கல் நிலத்தில் ஊற்றுநீர் எங்கும் கிடைப்பதால் வீடுகள் வேலி சூழ்ந்த வயல்களினூடே சிதறிக் கிடந்தன. நிலம் பெருநிலக்கிழாரிடம் இருந்தது. தனித்து வாழ்ந்த குடியானவன் பாதிரியாரையும் பிரபுவையும் சார்ந்து நின்றான். ஆகவே அப்பகுதி வலதுசாரிகளுக்கு வாக்களித்தது. சுண்ணாம்புக்கல் நிலத்திலோ, நீர் கிடைக்கும் சில இடங்களைச் சுற்றியே மக்கள் நெருங்கிக் குடியேறி, சிறு நிலத்துக்கு உடைமையாளராய், ஒருவரோடொருவர் பேசிக் கலந்து வாழ்ந்தமையால் குடியரசுவாதிகளுக்கு அங்கே செல்வாக்கு மிகுந்தது. கல் நேரே வாக்கை நிர்ணயிக்கவில்லை. கல் குடியிருப்பையும், குடியிருப்பு உடைமையுறவையும், உடைமையுறவு வாக்கையும் நிர்ணயித்தன என்னும் இச்சங்கிலித் தொடர்பே பிற்கால ஆராய்ச்சிகளுக்கெல்லாம் ஆதாரமாயிற்று.

அமெரிக்காவில் இவ்வாராய்ச்சிக்கு மூலப்பொருளாக அமைந்தது 1892ஆம் ஆண்டுத் தேர்தல். 1870களில் டெக்சஸ் ராஜ்யத்தின் லம்பாஸஸ் கவுண்டியில் தோன்றிய விவசாயிகள் சங்கம் தெற்கிலும் மேற்கிலும் கிளைத்துப் பரவி, பின்னர் மக்கள் கட்சியாக உருப்பெற்று, 1892 ஜூலை 4ஆம் நாள் ஓமஹா நகரில் மகாநாடு கூட்டியது. இக்னேஷியஸ் டானலி எழுதிய முகவுரையோடு வெளிவந்த அம்மகாநாட்டின் கொள்கைப் பிரகடனம், தடையற்ற வெள்ளி நாணயம், ரயில்வேக்களின் அரசுடைமை, வருமானத்துக்கேற்ப உயரும் வரி ஆகியவற்றைக் கோரியது. உள்நாட்டுப் போரில் வடதிசைப் படையில் பணியாற்றியவரும், 1880இல் காகித நாணயக் கட்சியின் ஜனாதிபதி அபேட்சகராக நின்றவருமான அயோவாவின் ஜேம்ஸ் வீவர் இக்கட்சியின் சார்பில் போட்டியிட்டுப் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளையும், அதாவது ஏறக்குறைய 8.5 சதவீதத்தையும், ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களில் 22 பேரையும் பெற்றார். கான்ஸாஸ், கொலராடோ, நெவாடா, ஐடஹோ ஆகிய நான்கு ராஜ்யங்கள் முழுமையாக அவர் வசமாயின; வட டகோட்டாவும் ஆரிகனும் ஒவ்வொரு தேர்வாளரை அளித்தன.

இந்த வாக்குகள் எங்கே தோன்றின, ஏன் அங்கே தோன்றின என்னும் கேள்வியே இத்துறையின் உயிர்நாடி. ஆதலின் அதைச் சற்று விரித்துரைப்பது தகும். நெப்ராஸ்கா, கான்ஸாஸ் ஆகிய ராஜ்யங்களை ஊடறுத்துச் செல்லும் 100ஆம் தீர்க்கரேகைக்கு மேற்கே ஆண்டு மழை சுமார் 20 அங்குலத்துக்குக் கீழே குறைந்துவிடுகிறது. பாசன வசதியின்றிப் பயிரிடுவதற்கு அவ்வளவு மழை போதாது என்பதை ஜான் வெஸ்லி பவல் 1878ஆம் ஆண்டு அறிக்கையிலேயே எச்சரித்திருந்தார். ஆயினும் 1880களின் முற்பகுதியில் மழை வழக்கத்துக்கு மிஞ்சிப் பொழிந்தது. உழுத நிலத்தை மழை தேடி வரும் என்று ரயில்வேக் கம்பெனிகளும் நில வியாபாரிகளும் பறைசாற்ற, அதை நம்பிய குடும்பங்கள் கிழக்குச் சீமையின் முதலாளிகளிடம் நிலத்தை அடமானம் வைத்துக் கடன் பெற்று அவ்வறண்ட சமவெளியில் குடியேறின. 1887இல் வறட்சி தொடங்கிற்று. இடையில் விளைச்சல் நன்கு வாய்த்த 1889ஆம் ஆண்டிலோ மக்காச்சோளத்தின் விலை ரயில் கட்டணத்துக்கும் கட்டாத அளவுக்கு வீழ்ந்ததால், விறகும் நிலக்கரியும் அரிதாயிருந்த அந்நாட்டில் குடியானவர் தாம் விளைவித்த கதிர்களையே அடுப்பிலிட்டு எரித்தனர். 1890இல் மீண்டும் மழை பொய்த்தது. 1880களின் தொடக்கத்தில் புஷலுக்கு ஒரு டாலரையொட்டி நின்ற கோதுமையின் விலை 1890களின் நடுவில் ஏறத்தாழ அதில் பாதியாயிற்று. விளைபொருளின் விலை லிவர்பூலிலும் சிகாகோவிலும், கட்டணம் ரயில்வேக் காரியாலயத்திலும், வட்டி நியூயார்க்கிலும் நிர்ணயிக்கப்பட, உழைப்பு மட்டுமே தன் கையில் எஞ்சிய மனிதன் எக்கட்சியைத் தேடினான் என்பதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

இதனை அளந்து காட்டியவர் ஜான் பார்ன்ஹார்ட். நெப்ராஸ்காவின் மழையையும் மக்கள் கட்சியின் வளர்ச்சியையும் இணைத்து அவர் 1925இல் எழுதிய கட்டுரை, அளவில் சிறிதாயினும், இத்துறையில் ஒரு மைல்கல்லாகும். மிசௌரி நதியையொட்டிய கிழக்குக் கவுண்டிகளில் மழை தவறாமையாலும், சோளத்தோடு பன்றியும் மாடும் வளர்த்து வருவாயைப் பலவழிப்படுத்தியிருந்தமையாலும் பழைய கட்சிகளே நிலைத்தன. கடனும் ஒற்றைப் பயிரும் பொய்த்த மழையும் ஒருங்கே சேர்ந்த நடுப்பகுதியிலோ புதிய கட்சி ஓங்கிற்று. கான்ஸாஸிலும் இவ்வாறே நிகழ்ந்து, 1890ஆம் ஆண்டுத் தேர்தலில் அந்த ராஜ்யத்தின் 7 காங்கிரஸ் ஸ்தானங்களில் 5 இவ்வியக்கத்தார் வசமாயின. வறுமை மிகுந்த இடமே கிளர்ச்சி மிகுந்த இடம் என்று பொதுவாகக் கருதுவோர் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: நடு நெப்ராஸ்காவின் குடியானவன் நாட்டிலேயே மிகவும் ஏழையாயிருந்தவனல்லன், சற்று முன்னர் நம்பிக்கையோடு முதலிட்டு, அதை இழக்கும் தறுவாயில் நின்றவன்.

மலைநாட்டு ராஜ்யங்களின் வரலாறு இதனின் வேறு. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாக்கை வீவருக்கு அளித்த நெவாடாவில் கோதுமையுமில்லை, வறட்சிக் கடனுமில்லை; அங்கிருந்தது வெள்ளிச் சுரங்கம். அன்றியும் கான்ஸாஸ், கொலராடோ, ஐடஹோ போன்ற இடங்களில் ஜனநாயகக் கட்சி தன் தேர்வாளர்களை நிறுத்தாமல் வீவரையே ஆதரித்தது. ஆகவே வாக்குப்படத்தில் ஒரே வர்ணம் பூசப்பட்ட இரு பகுதிகள் வெவ்வேறு காரணங்களால் அவ்வர்ணம் பெற்றிருக்கலாம் என்பதை முன்கணிப்போர் எப்போதும் நினைவில் இருத்த வேண்டும்.

தெற்கில், அலபாமாவில் வீவருக்கு மூன்றிலொரு பங்குக்கு மேல் வாக்குகள் கிடைத்தன. சிறு வெள்ளைக் குடியானவர் வாழ்ந்த குன்றுப் பகுதிகளே அக்கட்சியின் நிலைக்களன். பருத்திப் பண்ணைகள் நிறைந்த கரிசல் வளையத்தில் நீக்ரோ மக்களின் வாக்குகளைப் பண்ணையார்கள் அச்சுறுத்தியும் பொய்க்கணக்கு எழுதியும் ஜனநாயகக் கட்சிக்குச் சேர்த்தனர். பின்னர்த் தலைவரியாலும் எழுத்தறிவுச் சோதனையாலும் நீக்ரோக்களோடு ஏழை வெள்ளையரும் பெருந்தொகையாக வாக்குரிமை இழந்தனர்; இந்த அநீதி அறுபது எழுபது ஆண்டுகளின் தேர்தல் புள்ளிகளையே பொய்யாக்கிவிட்டது.

1896இல் ஜனநாயகக் கட்சியின் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் வெள்ளி நாணயக் கோரிக்கையை ஏற்றுக்கொள்ள, மக்கள் கட்சியும் அவரையே அபேட்சகராக்கித் தன் தனித்தன்மையை இழந்தது. பிரையன் தெற்கையும் மேற்கையும் பெரும்பாலும் வென்றும் 176க்கு 271 என்ற தேர்வாளர் கணக்கில் குடியரசுக் கட்சியின் மக்கின்லியிடம் தோற்றார். இவ்வியக்கத்தைப் பற்றி ஜான் ஹிக்ஸ் 1931இல் எழுதிய வரலாறு பொருளாதார இடரையே அதன் மூலகாரணமாகக் கூறிற்று. 1955இல் ரிச்சர்ட் ஹாஃப்ஸ்டாட்டர் அதில் அந்தஸ்துக் கவலையும் துவேஷமும் கலந்திருப்பதாக எழுதினார். எனினும் அடமானப் பத்திரத்தின் சாட்சி அவருடைய மனோதத்துவ விளக்கத்தைவிட வலியது.

பழைய வாக்குப் போக்கைத் தலைமுறை கடந்தும் விடாத பிரதேசத்தின் ஞாபகசக்திக்கு லூயிஸியானாவின் வின் பாரிஷ் (அங்கே கவுண்டிக்குப் பாரிஷ் என்று பெயர்) சிறந்த உதாரணம். பருத்திப் பண்ணைகள் செழிக்காத பைன் மரக்காட்டு நிலமான அது, 1861இல் ஐக்கியத்தினின்று பிரிவதை எதிர்த்தது. 1890களில் மக்கள் கட்சியின் கோட்டையாயிற்று. 1912இல் சோஷலிஸ்டு யூஜின் டெப்ஸுக்குக் கணிசமாக வாக்களித்தது. அங்கேதான் 1893இல் ஹியூயி லாங் பிறந்தார். 1928இல் கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பின்னர் செனட்டிலும் அமர்ந்து, செல்வத்தைப் பகிர்ந்தளிக்கும் திட்டத்தால் நாடெங்கும் புகழ் பெற்ற அவர் ஜனாதிபதிப் பதவியை நாடியபோது, ஜனநாயகக் கட்சியின் தலைமைக் காரியாலயத்தில் பணிபுரிந்த எமில் ஹுர்யா 1935இல் ரகசியமாக ஒரு மாதிரி வாக்கெடுப்பு நடத்தினார். முன்பு சுரங்கத் தொழிலோடு தொடர்புடையவரான ஹுர்யா, தாதுவின் தரத்தைச் சிறு மாதிரிகளால் மதிப்பிடும் முறையையே வாக்காளரிடமும் கையாண்டார். லாங்கின் ஆதரவு தெற்கில் மட்டும் அடங்கவில்லை. வடபுலத் தொழில் நகரங்களிலும் பரவி, நியூயார்க் போன்ற ராஜ்யத்தில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் வெற்றிக்கே ஊறு விளைவிக்கக்கூடும் என்பது தெரியவந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் லாங் சுடப்பட்டு மாண்டமையால் அக்கணிப்பு மெய்யா பொய்யா என்று சோதிக்கும் வாய்ப்பில்லாமற் போயிற்று.

1949இல் வி. ஓ. கீ, தெற்கு ராஜ்யங்களின் அரசியலைப் பற்றிய தம் பெருநூலில், அபேட்சகரின் சொந்தக் கவுண்டியும் அதன் அண்டை அயலும் கொள்கையைக் கருதாது அவருக்கே வாக்களிக்கும் வழக்கத்தை நிறுவிக்காட்டினார். பின்னாளைய வெகுஜனவாத அபேட்சகர்களுள், நிறப் பிரிவினையை முன்னிறுத்திப் போட்டியிட்ட ஜார்ஜ் வாலஸ் 1968இல் தென்புலத்தில் 5 ராஜ்யங்களையும் நாடளாவில் 13.5 சதவீத வாக்கையும் பெற்றார். 1992இல் சுயேச்சையாக நின்ற ராஸ் பெரோ ஏறக்குறைய 19 சதவீதம் பெற்றும் ஒரு தேர்வாளரையேனும் அடையவில்லை. அவருக்கு மிகுந்த பங்கை அளித்தது வடகிழக்குக் கோடியிலுள்ள மெய்ன்.

இத்தகைய கணிப்புகள் அனைத்துக்கும் ஓர் எல்லையை வகுத்தவர் டபிள்யூ. எஸ். ராபின்ஸன். 1930ஆம் ஆண்டுக் குடிக்கணக்கை ஆராய்ந்து அவர் 1950இல் காட்டியதாவது: அயல்நாட்டில் பிறந்தோர் மிகுந்த ராஜ்யங்களில் எழுத்தறிவும் மிகுந்திருந்தது, ஆனால் தனிமனிதரை எடுத்துக்கொண்டால் அயல்நாட்டில் பிறந்தவர்களே எழுத்தறிவில் குறைந்தவர்கள். எழுத்தறிவு மிக்க இடங்களில் அவர்கள் குடியேறினார்கள் என்பதே உண்மை. ஒரு கவுண்டி யாருக்கு வாக்களித்தது என்று சொல்லலாம். அக்கவுண்டியில் யார் வாக்களித்தார் என்று அதைக்கொண்டு சொல்லலாகாது.

2016ஆம் ஆண்டில் குடியரசுக் கட்சியின் அபேட்சகராக டானல்ட் டிரம்ப் முயன்றபோது இம்முறைகளெல்லாம் மீண்டும் எடுத்தாளப்பட்டன. நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் நேட் கோன் 2015 டிசம்பர் இறுதியில் வெளியிட்ட ஆராய்ச்சி, மெக்ஸிகோ வளைகுடாக் கரையிலிருந்து அப்பலேச்சிய மலைத்தொடர் வழியாக நியூயார்க் வரை நீளும் வளையமே டிரம்ப்பின் பலம் மிக்க பகுதியென்றும், அங்கே ஜனநாயகக் கட்சியினராகப் பதிவு செய்துகொண்டோர் பலர் அவர் பக்கம் இருந்தனர் என்றும் தெரிவித்தது. மறு ஆண்டு மார்ச்சில் அதே பத்திரிகையின் மற்றோர் ஆராய்ச்சி, உயர்நிலைப் பள்ளியை முடிக்காத வெள்ளையர், தம் பூர்வீகத்தை வெறுமனே ‘அமெரிக்கர்’ என்று குடிக்கணக்கில் சொல்வோர், இழுத்துச் செல்லத்தக்க கூண்டு வீடுகளில் வசிப்போர், பழந்தொழில்களில் உள்ளோர் ஆகியோரின் விகிதங்களோடு, வாலஸுக்கு 1968இல் கிடைத்த வாக்கையும் குறிகளாகக் கண்டது. வர்ஜீனியாவின் தென்மேற்கு மூலையிலுள்ள நிலக்கரிக் கவுண்டியான புக்கானன் இக்குறிகளுக்குக் கண்கூடான சான்று. 1980இல் சுமார் 38,000ஆக இருந்த அதன் ஜனத்தொகை 2010இல் சுமார் 24,000ஆகக் குறைந்தது. 2004 வரை ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி அபேட்சகர்களையே ஆதரித்துவந்த அக்கவுண்டி, 2016 மார்ச் முதல் நாள் நடைபெற்ற குடியரசுக் கட்சியின் உட்தேர்வில் ஏறக்குறைய 70 சதவீத வாக்கை டிரம்ப்புக்கு அளித்தது. ஒற்றைப் பொருளை நம்பி வாழ்ந்து, அப்பொருளின் விலை வேறெங்கோ தீர்மானிக்கப்படக் கண்ட ஊர் என்னும் வகையில் பழைய நெப்ராஸ்காவின் நியாயம் இங்கும் பொருந்துகிறது.

மாறாக, குடியரசுக் கட்சியின் உறுதியான ராஜ்யமாகிய யூட்டா, உட்தேர்வில் அவருக்கு 14 சதவீதமே கொடுத்தது. 2012இல் அக்கட்சியின் அபேட்சகர் ராம்னி பெற்ற 72 சதவீதத்துக்கு மேற்பட்ட பங்கு பொதுத்தேர்தலில் 45 சதவீதத்தளவுக்குச் சுருங்கிற்று. மார்மன் சபையின் நெருக்கமான சங்க வாழ்க்கை அங்குள்ள மக்களைத் தனிமைப்பட விடாமை இதன் காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. ஆதலின் மொத்த வாக்கைப் பார்ப்பதைவிட, முந்தைய தேர்தலில் அக்கட்சி பெற்றதைக் கழித்துப் பார்ப்பதே தக்க அளவு. அவ்வாறு பார்த்தால் முதலில் கண்ணிற்படுவது அயோவாவின் ஹவர்ட் கவுண்டி: 2012இல் ஜனநாயகக் கட்சியின் ஒபாமாவுக்குச் சுமார் 20 புள்ளி முன்னிலை தந்த அது, 2016இல் டிரம்ப்புக்கும் ஏறக்குறைய அவ்வளவே தந்தது.

டிரம்ப் 2020இல் தோற்று, 2024இல் 312 தேர்வாளர்களுடன் மீண்டும் வென்றார். மெக்ஸிகோ எல்லையிலுள்ள டெக்சஸின் ஸ்டார் கவுண்டி, ஸ்பானிய மொழிக் குடிகளே பெரும்பான்மையாக இருந்தும், நூறாண்டுகளுக்கு மேலான வழக்கத்தைக் கைவிட்டு அவருக்கு வாக்களித்தமையால், 2016இன் குறிகள் திருத்தப்பட்டு வருகின்றன.