யாருக்காக எடுத்த ரத்தம்?

தாராசுரத்திலிருந்து பேசறேன். ஊர் பேரைச் சொன்னதும் ஐராவதேஸ்வரர் கோயில்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். இன்னைக்குக் கோயில் கதை இல்லை, ஒரு ரத்தப் பரிசோதனையின் கதை. சென்னையில் ஆரம்பிக்கிற கதை. ஆனா எங்க ஊர் மாதிரி இடத்துல அது எப்படி மாறுதுன்னும் பார்க்கப்போறோம்.

1985 கடைசி. எய்ட்ஸ் என்பது அமெரிக்காக்காரர்கள் நோய், நம்ம ஊருக்கு வராது என்று டாக்டர்களே நம்பிக்கொண்டிருந்த காலம். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன். அவரிடம் முதுநிலை படித்தவர் செல்லப்பன் நிர்மலா, வயது 32. இங்கேயும் எச்.ஐ.வி. இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதே ஆய்வு.

யாரிடம் போய்த் தேடுவது? பாலியல் தொழில் செய்யும் பெண்களைப் போலீஸ் பிடித்து, ஜாமீன் கட்ட வழியில்லாதவர்களை விஜிலென்ஸ் ஹோமில் அடைத்து வைத்திருந்தார்கள். நிர்மலா அங்கே போய் ரத்தம் எடுத்தார். கையுறை கிடையாது. மாதிரிகளைச் சேமிக்க வசதி இல்லாததால் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தார். 1986 பிப்ரவரியில் கணவரோடு ராத்திரி ரயிலேறி, ஐஸில் வைத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டு போனார். ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. மறுபடி ரத்தம் எடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள், அங்கேயும் அதே முடிவு. மே மாதம் அன்றைய சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். இந்தியாவின் எச்.ஐ.வி. வரலாறு அங்கே தொடங்குகிறது.

இந்தக் கதையை நிறையப் பேர் சொல்லிட்டாங்க, பெரும்பாலும் சாகசக் கதையாக. சாகசம்தான், மறுக்கலை. ஆனா அந்தப் பெண்கள் பக்கம் நின்னு ஒரு தடவை பாருங்க. எதுக்கு ரத்தம் எடுக்கறாங்கன்னு அவங்களுக்குத் தெரியாது. வழக்கமான பால்வினை நோய்ச் சோதனைன்னு நினைச்சாங்க. சொன்னாலும் புரிஞ்சிருக்காதுன்னு நிர்மலாவே பின்னாட்களில் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு இதற்கு மருந்தே இல்லை. ஏ.இசட்.டி. மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததே 1987இல்தான். ஆக, அந்தச் சோதனையால் அரசாங்கத்துக்கு ஒரு தகவல் கிடைத்தது. அந்தப் பெண்ணுக்கு என்ன கிடைத்தது?

காவல்தான் கிடைத்தது. அடுத்த சில வருஷங்களில் எச்.ஐ.வி. இருப்பதாகத் தெரிந்த பெண்களை வெளியே விட மறுத்தார்கள். வெளியே போனால் நோயைப் பரப்புவார்களாம். வந்துபோன ஆண்களை யாரும் அடைக்கவில்லை, அது தனிக் கதை. பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 1990இல் அந்தப் பெண்கள் வெளியே வந்தார்கள். அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக உருவானதுதான் சியாப் என்கிற அமைப்பு.

டெஸ்ட் எடுத்தால் ஜெயில் என்று ஒரு தடவை தெரிந்துவிட்டால் அப்புறம் யார் கையை நீட்டுவாங்க? வெள்ளைக் கோட்டு போட்டவர் எவ்வளவு நல்லவரா இருந்தாலும் நம்ப மாட்டாங்க. நம்பக்கூடிய ஒரே ஆள், அதே தெருவில் அதே போலீஸிடம் ஓடின இன்னொரு பெண். 1992இல் கல்கத்தா சோனாகாச்சியில் டாக்டர் ஸ்மரஜித் ஜனா இதைத்தான் செய்தார், பாலியல் தொழிலாளிகளையே சக பணியாளர்களாக அமர்த்தினார். பிறகு இது நாடு முழுக்க முறையானது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் ஏறக்குறைய 60 பேருக்கு ஒரு சக பணியாளர் என்று கணக்கு வைத்தார்கள். பாலியல் தொழிலாளிகளுக்கு அவர்களில் ஒருவர், திருநங்கைகளுக்கு ஒரு திருநங்கை, ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களுக்கு அவர்களில் ஒருவர். 377ஆம் பிரிவு 2018 வரை தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது என்பதையும் மறக்காதீங்க. ஆணுறை விநியோகித்தவர்களையே போலீஸ் பிடித்த காலம் அது.

ரொம்ப நாள் வரைக்கும் இந்தச் சக பணியாளர்களின் வேலை கூட்டிக்கொண்டு போவதுதான். ஊசி லேப் டெக்னீஷியன் கையில். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டில் பார்க்கிற விரைவுச் சோதனை வந்த பிறகுதான் நிலைமை மாறியது. பயிற்சி பெற்ற சாதாரண ஆட்களே இதைச் செய்யலாம் என்று 2015இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அரை மணி நேரத்துக்குள் முடிவு தெரியும். ஒண்ணு மட்டும் கவனம்: அந்தச் சொட்டு சொல்வது இறுதி முடிவு இல்லை. தொற்று இருப்பதாகக் காட்டினால் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் வேறு வேறு கிட்டுகளால் மறுபடி பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். அந்த அரை மணி நேரம் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார், என்ன பேசுகிறார் என்பதில்தான் முழு விஷயமும் இருக்கு.

இப்போ தாராசுரத்துக்கு வாங்க. இங்கிருந்து கும்பகோணம் பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். தூரம் பிரச்சினையே இல்லை. மருத்துவமனை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எதிர்வீட்டுப் பெரியம்மாவாக இருக்கலாம், அதுதான் பிரச்சினை. "என்னப்பா, எதுக்கு இங்க?" என்ற ஒரு கேள்வி போதும். 2000களின் தொடக்கத்தில் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று தமிழ்நாடு முழுக்க விளம்பரம் வைத்தார்களே, அதைப் பார்த்து எல்லாரும் சிரித்தோம். அந்தக் கேள்வியைத் தன்னைப் பற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டியவனுக்கு அது சிரிப்பில்லை.

சின்ன ஊரில் சக பணியாளருக்கும் இதே சிக்கல் உண்டு. தெரிந்த ஆள் என்பதாலேயே நம்பலாம், தெரிந்த ஆள் என்பதாலேயே பயப்படலாம். ரகசியத்தைக் காப்பது இங்கே நல்ல குணம் மட்டும் இல்லை, அவருடைய தொழிலே அதுதான். இவ்வளவு பெரிய பொறுப்புக்கு நாம் கொடுப்பதோ சம்பளம்கூட இல்லை, மதிப்பூதியம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

1986க்கும் இன்றைக்கும் நடுவே மாறியது இரண்டு. 2004 ஏப்ரலில் இலவச கூட்டு மருந்து தொடங்கியது, முதல் மையங்களில் ஒன்று நம்ம தாம்பரம் மருத்துவமனை. 2017இலிருந்து தொற்று உறுதியானாலே மருந்து. ஒழுங்காகச் சாப்பிட்டு வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிட்டால் உடலுறவு வழியாக இன்னொருவருக்குப் போகாது. இரண்டாவது, 2017இல் இயற்றி 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம். விளக்கிச் சொல்லி, சம்மதம் வாங்காமல் சோதனை செய்யக் கூடாது. முடிவை மற்றவரிடம் சொல்லவும் கூடாது. விஜிலென்ஸ் ஹோமில் கையை நீட்டிய பெண்களுக்கு இதில் ஒன்றும் இருக்கவில்லை. அந்த ஆறு பேர் பெயரும் எந்த வரலாற்றிலும் இல்லை.

சந்தேகம் இருந்தால் 1097க்குக் கூப்பிடுங்க. இலவசம், தமிழிலேயே பேசலாம்.