வஸகும் சிறுத்தைப் பல்லியும்

பல்லியைச் செல்லப்பிராணியாக வளர்ப்பது என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவில் எழுவன 'வஸக்' பற்றிய நபிமொழிகளே. அதைக் கொல்லுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள் என்றும், இப்ராஹீம் (அலை) அவர்கள் எறியப்பட்ட நெருப்பை அது ஊதியது என்றும் உம்மு ஷரீக் (ரலி) அறிவிப்பது ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. அதே நூலில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பும் உண்டு. நபியவர்கள் அதனை 'ஃபுவைஸிக்', அதாவது சிறு தீயது, என்றழைத்தார்கள்; ஆனால் கொல்லப் பணித்ததைத் தாம் செவியுறவில்லை என்கிறார்கள் அன்னையார். இவ்விரண்டையும் மறைக்காமல் பேணிய தொகுப்பாளரின் நேர்மை வியக்கத்தக்கது.

அரபியர் வஸக் என்றது சுவரேறும் வீட்டுப் பல்லியையும் அதன் இனத்தையுமே. அவற்றுள் பெரியதை 'ஸாம் அப்ரஸ்' என்றனர். ஹிஜ்ரி 808இல் (கி.பி. 1405) மறைந்த தமீரீ, தம் 'ஹயாத்துல் ஹயவான்' நூலில் உயிரினங்களை அகரவரிசையில் நிறுத்தி, சொற்பொருள், சட்டம், மருந்து, கனவுப்பலன் வரை தொகுத்தார். அவருக்கு ஐந்து நூற்றாண்டுகள் முற்பட்ட பஸராவின் ஜாஹிழ், நூலறிவோடு நில்லாமல் பாம்புப் பிடாரர்களிடமும் கேட்டெழுதியவர். நமக்கு அவர் வழியே உகந்ததாகத் தோன்றுகிறது.

இன்று உலகெங்கும் கண்ணாடிப் பெட்டிகளில் வளரும் பல்லிகளுள் முதன்மையான சிறுத்தைப் பல்லியோ வேறொன்று. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகியவற்றின் வறண்ட பாறை நிலமே அதன் தாயகம். கல்கத்தா ஆசியக் கழக அருங்காட்சியகக் காப்பாளர் எட்வர்ட் பிளைத், 1854இல் பஞ்சாபின் உப்புமலைத் தொடரிலிருந்து கிடைத்ததை முதன்முதலில் விவரித்தார். அதற்கு மூடித் திறக்கும் இமைகள் உண்டு. விரல்களில் ஒட்டும் பட்டைகள் இல்லை, ஆகவே சுவரேறாது. கொழுப்பைப் பருத்த வாலில் சேமிக்கும். முட்டை வைக்கப்படும் வெப்பமே குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது: ஏறத்தாழ 26 பாகை செல்சியஸில் பெரும்பாலும் பெண், 32 பாகையை ஒட்டி மிகுதியும் ஆண். இதனை அறிந்த மேலைநாட்டு வளர்ப்போர் தாம் வேண்டியவாறு பெருக்கினர். 1990களில் வெளிர்நிற வகைகளும் சந்தைக்கு வந்தன.

தாயகத்தின் நிலையோ நேர்மாறானது. எந்தப் பல்லிக்கும் இந்தப் பேரினத்தில் நஞ்சில்லை. ஆயினும் தீண்டினால் மரணம் என்றஞ்சிக் கிராமத்தார் அதனைக் கண்ட இடத்தில் அடித்துக் கொன்றனர். பிறரோ பிடித்து விற்றனர். அச்சத்தின் பெயரால் நிகழும் இக்கொலைக்கு வஸக் பற்றிய நபிமொழியைச் சான்றாக்குவது, பெயரை ஆராயாமல் தீர்ப்பை நீட்டுவதாகும் என்பது நம் கருத்து.

வளர்ப்பது பற்றிய கேள்விக்கு வேறொரு நபிமொழியே நெருக்கமானது. பூனையைக் கட்டிவைத்து, உணவும் தராமல், பூமியின் புழுப்பூச்சிகளைத் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண்ணுக்குக் கிடைத்த தண்டனையை அது கூறுகிறது. சிறுத்தைப் பல்லி பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழ்வது. அத்தனை காலமும் உயிருள்ள பூச்சிகளும் இளஞ்சூடும் இருட்டான மறைவிடமும் அதற்கு வேண்டும். பெட்டிக்குள் அவற்றை அது தானே தேடிக்கொள்ள இயலாது.