காவலுக்குத் துணை வந்த கணக்குப்பிள்ளை

நம் சங்கத்துக் குடும்பங்களில் கணிப்பொறித் துறையில் ஒருவராவது இல்லாத வீடு அபூர்வம். அந்தத் துறைக்கும் சரித்திரம் உண்டு. அதில் ஒரு சிறு அத்தியாயத்தைப் பார்ப்போம்.

அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை 2000 டிசம்பரில் எஸ்.ஈ.லினக்ஸ் என்னும் காவல் ஏற்பாட்டைப் பொதுவில் வெளியிட்டது. 2003-இல் அது லினக்ஸின் உட்கருவிலேயே இடம்பிடித்தது. எந்த நிரல் எந்தக் கோப்பைத் தொடலாம் என்று விதி வைத்து, மீறினால் மறுத்துவிடும். மறுப்பது சரி, ஏன் மறுத்தது என்று அது எழுதிவைக்கும் குறிப்பு லேசில் புரியாது. சலித்துப்போன நிர்வாகிகள் பலர், இந்தத் தொல்லையே வேண்டாமென்று காவலையே அணைத்துவிட்டார்கள். இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் செட்ரபிள்ஷூட். மறுப்புக் குறிப்பைப் படித்து, காரணத்தையும் பரிகாரத்தையும் எடுத்துச்சொல்லும் கணக்குப்பிள்ளை அது.

மறுக்கப்பட்ட கோப்பு எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்றறிய, அதன் பெயரைக் கட்டளை வரியில் ஒட்டி ஷெல்லிடம் கொடுக்கும். யூனிக்ஸ் மரபிலோ கோப்புப் பெயரில் சாய்கோடு தவிர ஏறக்குறைய எந்தக் குறியும் வரலாம். ஷெல்லுக்கு அரைப்புள்ளி என்றால் 'அடுத்த கட்டளை' என்று அர்த்தம். வாசலில் தடுக்கப்பட்டவன் பதிவேட்டில் தன் பெயரை "முத்து, பெட்டகத்தைத் திற" என்று எழுதிவிட்டுப் போகிறான். உள்ளே கணக்குப்பிள்ளை உரக்க வாசிக்கிறார், பெட்டகம் திறந்துகொள்கிறது! அவருக்கோ ரூட் எனப்படும் சர்வாதிகாரம்.

2015 மார்ச்சில் செபாஸ்டியன் கிராமர் என்ற ஆய்வாளர் இதை அம்பலமாக்கினார். கூத்து என்னவென்றால், காவலை அணைத்து வைத்திருந்தவருக்கு மறுப்பும் இல்லை, இந்த ஓட்டையும் இல்லை. ஒழுங்காகக் காவலும் போட்டு, விளக்கம் சொல்ல ஆளும் வைத்தவரே மாட்டிக்கொண்டார்.

3.2.22-ஆம் பதிப்பில் அந்த ஓட்டை அடைக்கப்பட்டது. ஆனால் அகப்பட்ட இடத்தை மட்டும் பூசினால் போதுமா? 2016-இல் அதே பிழை அதே மென்பொருளின் வேறு மூலைகளிலும் துணைச்செருகல்களிலும் தலைகாட்டியது. நான்கு தனித்தனிப் பலவீனங்களாக அவற்றுக்கு எண் கொடுத்தார்கள்.

பரிகாரம் பெரிய வித்தை ஒன்றுமில்லை. நடுவில் ஷெல்லை வைக்காமல், கட்டளையையும் பெயரையும் தனித்தனியே கொடுத்துவிட வேண்டும். செட்ரபிள்ஷூட் எழுதப்பட்ட பைத்தான் மொழியில் அதற்கான வசதி 2004-லேயே வந்துவிட்டது.